எங்கள் பாப்பாவுக்கு வழிவிட்டவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கும் பெரியவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிறு ராத்திரி பாலக்காடு ஜங்ஷனில் பாப்பா ரயிலேறுகிறாள். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தில் பி.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வயது 16. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைக்கு இது எப்படி முடிந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தோம் என்று இதுவரை சுருக்கமாகப் பதில் சொல்லிவந்தேன். நான் படித்தது பத்தாவது. அவள் அப்பா தேங்காய் லோடு ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த கணக்கு அவளுடைய ஒன்பது வயதிலேயே தீர்ந்துபோயிற்று. அதற்குமேல் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதை எழுதிவைக்காமல் அவளை அனுப்ப மனசு வரவில்லை.

முதலில் பால் சொசைட்டி அண்ணனுக்கு. ஐந்து வயதில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடிகாலையில் வருவாள். ஃபேட் இவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான சத்து) இவ்வளவு, லிட்டர் இவ்வளவு என்று நீங்கள் படிப்பீர்கள். சீட்டு வெளியே வருவதற்குள் ரூபாய் எவ்வளவு என்று இவள் சொல்லிவிடுவாள். வேறு யாராவது இருந்தால் வரிசை நிற்கிறது, தள்ளிப் போ பாப்பா என்றிருப்பார்கள். நீங்கள் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டீர்கள். பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கிக் கட்டிக் கொடுத்தீர்கள். அவற்றின் எழுதாத பக்கங்களில்தான் அவளுடைய முதல் நான்கு வருடக் கணக்கும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை இப்போது கிளற விரும்பவில்லை. வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினாள், பார்த்து எழுதினாள் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்தபோது சொந்தத்திலேயே பலர் திட்டினார்கள். அவளுடைய அமிச்சி, என் அம்மா ஒருத்திதான், "அது சிரிச்சுக்கிட்டு இருந்தாப் போதும், விடுங்க" என்றார்.

மலையாள வாத்தியார் மாஷ், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் உங்கள் வீட்டுக்கு அனுப்பினோம். நீங்கள் கணக்கு வாத்தியாரும் இல்லை. ஆனால் அவள் கை எப்போதும் எண்களையே கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்திலேயே எழுதிவைத்த யுக்திபாஷை என்ற கணக்குப் புத்தகத்தை எடுத்தீர்கள். சங்கமகிராமத்து மாதவன் என்ற கணித மேதை கண்ட தொடரை அதிலிருந்து வாசித்துக் காட்டினீர்கள். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற 'பை' (π) என்ற எண்ணில் கால்பங்கு கிடைக்கும். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. திண்ணையில் உட்கார்ந்து பத்து உறுப்பு வரைக்கும் போட்டு, நான்கால் பெருக்கிப் பார்த்தாள். 3.0418 தான் வந்தது. "மாஷே, இது எப்பப் போய்ச் சேரும்?" என்று கண் கலங்கிவிட்டாள். நீங்கள் சிரித்துவிட்டு, அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நிறுத்துகிற இடத்தில் சேர்க்க வேண்டிய திருத்தத்தை வாசித்தீர்கள். பத்தை 401-ஆல் வகுத்து அந்த இடத்தில் சேர்த்து, மறுபடி நான்கால் பெருக்கினாள். 3.14159 வந்தது. அன்றைக்கு அவள் ஓடிவந்த சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டது. மாதவன் இருந்தது 14ஆம் நூற்றாண்டு, இரிஞ்ஞாலக்குடை பக்கம், நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்று யார் வந்தாலும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டு வயதில் வந்ததுதான் எங்களுக்குப் பெரிய சோதனை. பெரிய பெரிய எண்களைப் பெருக்கச் சொல்லி மேடையேற்றலாம், பேரும் பணமும் வரும் என்று வீடு தேடி வந்தார்கள். இங்கிலாந்தில் ரூத் லாரன்ஸ் என்ற பெண்ணை அவள் அப்பாவே வீட்டில் படிக்கவைத்து, 1983இல் 12 வயதில் ஆக்ஸ்போர்டில் சேர்த்ததையும், 13 வயதில் அவள் பட்டம் வாங்கியதையும் சொல்லி, நீங்கள் ஏன் தாமதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மனசு ஆடித்தான் போயிற்று.

அந்த வாரம் வாயனசாலை (நூலகம்) ஐயா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னது ஸெரா கோல்பர்ன் கதை. 1804இல் அமெரிக்காவில் பிறந்தவன். எட்டு வயதில் லண்டனில் அவனை நிறுத்தி, 4294967297 எதனால் வகுபடும் என்று கேட்டார்கள். 641 என்று மனக்கணக்காகவே சொன்னான். அப்பா அவனை ஊர் ஊராகக் காட்டிக் காசு சேர்க்கப் பார்த்தார். படிப்பு அறுந்து அறுந்து போயிற்று, வளர வளர அந்தத் திறமையும் மங்கிற்று. 34 வயதில் இறந்துபோனான். ஐயா சொல்லி முடித்ததும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாப்பாவுக்கோ அந்த எண் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. அதை எப்படி உடைப்பது என்று ஐயாவும் அவளும் ஒரு மாதம் பேசினார்கள். பகா எண் இல்லை என்று கணித மேதை ஆய்லர் 1732இல் காட்டிய எண் அது. 64-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், வரிசையில் ஐந்தாவதே 641 என்று அவள் எனக்கு அரிசி களையும்போது விளக்கினாள். மேடைக்காரர்களுக்கு மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஐயா, அந்த ஒரு சாயங்காலத்துக்கு நாங்கள் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் அக்ஷயா சென்டர் சேச்சிக்கும் நன்றி. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத 14 வயது ஆக வேண்டும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்து, பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டு பரீட்சைக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். தினம் நாலரை மணிக்கு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று "விளையாட வர்றியா?" என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, உங்களால்தான் அவள் தனியாக வளரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். அமிச்சி கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரம் சுடுகிறார். மாஷ், உங்களைக் கூட்டிவர ஆட்டோ அனுப்புகிறோம், கண்ணாடியை மறக்காமல் எடுத்துவாருங்கள். உங்களிடம் இன்னும் ஒரு பக்கம் கேட்க வேண்டுமாம் அவளுக்கு.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா