கீழவீட்டம்மாவின் பெயர்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். மிகவும் மகிழ்ந்தேன். அந்த வலியால்தான் சென்ற மாதம் நம் பள்ளியில் நடந்த பழைய மாணவர் கூடுகைக்கு நீ வர முடியாமற் போயிற்று. அங்கு நடந்ததை எழுதுவதோடு உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

நம் தலைமையாசிரியரின் படத்தைத் திறந்து வைத்தோம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பருத்தி எடுப்புக் காலத்தில் பாதி வகுப்பு காலியாகிவிட்டால் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரிசல் காட்டுக்குள் இறங்கி, பெற்றோரிடம் மன்றாடிப் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்தது நினைவுக்கு வந்தது. என்னை அவர் அப்படி மூன்று முறை அழைத்து வந்திருக்கிறார். மூன்றாம் முறை, கூலி போய்விடுமே என்று என் அப்பா தயங்கியபோது, "இவன் படிக்கட்டும், உங்களுக்கு நான் பொறுப்பு" என்றார். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். அந்தச் சொல்லை ஒரு பெற்றோரிடமும் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. நம்மில் பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் குறித்துப் பள்ளியில் சேர்த்துக்கொண்டதும் அவர்தான்.

மேடையில் பேசியவர்கள் காமராசரையும், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். அது முறைதான். 1956 இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியிராவிட்டால், அதற்கு ஐந்து மைல் தள்ளியிருந்த நம் ஊருக்கு அந்தச் சோறு அடுத்த ஆண்டே வந்திருக்காது. 1958 இலிருந்து ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இல்லாவிட்டால் நம் கூரைக்கு ஓடும், சுவருக்குக் கடிகாரமும் வந்திருக்கா. ஆயினும் அந்தத் திட்டம் எப்படி நடந்தது என்பதை யாரும் விரித்துச் சொல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் 6 பைசாவை அரசு கொடுத்தது. மீதி 4 பைசாவை ஊர் கொடுக்க வேண்டும். மழை பொய்த்தால் விதைக்கே வழியில்லாத நம் ஊர் அந்த நான்கு பைசாவை எங்கிருந்து கொடுத்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

உன் அம்மா கொடுத்தார். வீடு வீடாகக் கலயம் வைத்து, உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துப் போடச் சொன்னவர் அவர். அரிசி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே வெந்த வீடுகள் ஆகையால் பிடியரிசி என்று பெயரே தவிர, கலயத்தில் விழுந்ததெல்லாம் கம்பும் சோளமும்தான். சனிக்கிழமை தோறும் அதைக் கடகப்பெட்டியில் தலைச்சுமையாக எட்டயபுரத்துக்குக் கொண்டுபோய் விற்று, அரிசியும் பருப்புமாக மாற்றி, வெயில் சாய்வதற்குள் திரும்பி வருவார். நீயும் நானும் கண்மாய்க் கரையில் காத்திருந்து பெட்டியை இறக்கி வைப்போம். அளந்து கொடுத்த பிறகு ஓலைச்சுவடிபோல் மடித்த ஒரு தாளில் தலைமையாசிரியரைக் கொண்டு கணக்கெழுதச் சொல்லி, அடியில் பெருவிரல் ரேகை வைப்பார். உங்கள் வீட்டிலேயே அடுப்பெரியாத நாட்கள் இருந்தன என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். அந்த நாட்களிலும் பள்ளிக் கலயத்தை அவர் தொட்டதில்லை.

பள்ளியின் முன்சுவரில் ஒரு கல்வெட்டுப் பதிக்கப் போகிறோம். ஆசிரியர்களின் பெயர்களோடு, இடம் கொடுத்தவர், கிணறு வெட்டித் தந்தவர், சமைத்துப் போட்டவர் ஆகியோரின் பெயர்களும் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்று ஒப்புக்கொள்ள வைத்தேன். பட்டியல் எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. ஆசிரியர்களின் பெயர்களைத் தலைப்பெழுத்தோடு ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அடுத்த வரியில் உன் அம்மாவின் பெயரை எழுதப் பேனாவை வைத்தபோது, கை நின்றுவிட்டது. ஊருக்கு அவர் கீழவீட்டம்மா, எனக்கு அத்தை. அவர் கையால் அத்தனை நாள் உண்டும், அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை உனக்கு எழுதும்போது நெஞ்சு கனக்கிறது; என்னை மன்னித்துக்கொள்.

அத்தையின் பெயரையும், அவருடைய அப்பாவின் தலைப்பெழுத்தையும் தெளிவாக எழுதி அனுப்பு. கல்தச்சர் தை பிறந்ததும் வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வரியை அவருக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்