ஐப்பசியில் அடித்த மாம்பழ வாசனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் இருபது வருடமாக மாம்பழ மண்டி வைத்திருக்கிறேன். மல்கோவாவா, இமாம்பசந்தா, குண்டா என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, பிளஸ் டூ படிக்கும் என் மகனின் அறையைத் தாண்டும்போது மாம்பழ வாசனை அடித்தது. வெளியே அடைமழை. அந்த மாதத்தில் என் மண்டியிலேயே ஒரு பழம் கிடையாது.

தலையணைக்கு அடியில் இருந்து எடுத்தேன். இ-சிகரெட், 'வேப்' என்றும் சொல்கிறார்கள்; அதை இழுப்பதுதான் வேப்பிங். பார்ப்பதற்குக் கலர் ஸ்கெட்ச் பேனா மாதிரி. அடியில் போன் சார்ஜர் செருகுகிற ஓட்டை. உறிஞ்சினால் நுனியில் சின்னதாக விளக்கு எரியுமாம். "வெறும் தண்ணி ஆவிதான்ப்பா, இது சிகரெட் இல்ல" என்றான். என்னை ஏமாற்றச் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

அதில் இருப்பது தண்ணீர் இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற திரவங்கள், வாசனைக்கு ரசாயனம், அப்புறம் புகையிலையில் இருந்து ஆளை அடிமையாக்குகிற அதே நிக்கோட்டின். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இதைச் சூடாக்கிப் புகை மாதிரி ஆக்குகிறது. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகலாம், சுருளில் இருந்து நிக்கல், ஈயம் போன்றவையும் கலந்து வரலாம். இப்போது வருகிறவற்றில் நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்க்கிறார்கள். பீடி, சிகரெட் மாதிரி தொண்டையைக் காந்தாது, இருமலும் வராது. அதனால் பிள்ளைகள் ஆழமாக இழுக்கிறார்கள். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்குள் நிக்கோட்டின் பழகினால் கவனம், படிப்பு, மனநிலை எல்லாமே கெடலாம். இவன் ஏன் புத்தகத்தை விரித்த பத்தாவது நிமிடம் எழுந்து போனான், ஏன் அம்மாவிடம் எரிந்து விழுந்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என்னிடம் பழம் வாங்க வருகிறவர்கள் "கல்லு வெச்ச பழமா?" என்று கேட்காமல் காசு கொடுக்க மாட்டார்கள். வயிற்றுக்குள் போவதற்கு அவ்வளவு விசாரணை. நுரையீரலுக்குள் போவதை யாரும் கேட்பதில்லை. சாப்பிடத் தக்கது மூச்சில் இழுக்கவும் தக்கது என்று நினைப்பது பெரிய தப்பு. அமெரிக்காவில் 2019-இல் வேப்பிங் செய்தவர்களுக்கு நுரையீரல் பாதித்து, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சா எண்ணெய் கலந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதில் முக்கியக் குற்றவாளியாகக் கண்டது வைட்டமின் ஈ அசிட்டேட். மாத்திரையாக விழுங்கினாலும் தோலில் தடவினாலும் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள், மூச்சில் போனபோது ஆளையே கொன்றது.

என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போனபோது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி முதல்முறை இழுத்தானாம். அந்தப் பனிமூட்டத்தில் பனி எது, புகை எது என்று யாருக்குத் தெரியும்? போனில் செய்தி அனுப்பினால் போதும், யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் 2019-இல் இருந்தே நாடு முழுக்கத் தடை. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும்.

இந்தச் சட்டம் குறி வைப்பது செய்கிறவனை, கொண்டுவருகிறவனை, விற்கிறவனை, பதுக்குகிறவனை. இழுக்கிற பையனுக்கு அதில் தண்டனை சொல்லவில்லை. ஆனால் நடப்பது தலைகீழாக இருக்கிறது. என் மகனின் நண்பன் வகுப்பில் மாட்டிக்கொண்டான், பள்ளியில் டிசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விற்றவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்று ராத்திரி கை ஓங்கியவன்தான், அதற்கு இன்னும் வருத்தப்படுகிறேன். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனதுதான் பயன் தந்தது. புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, வெட்கப்படாமல் பேசலாம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சாதனங்களின் படங்களைப் பெரிதாகப் போடுங்கள். பேனா மாதிரி, பென் டிரைவ் மாதிரி, லிப்ஸ்டிக் மாதிரி எல்லாம் வருகிறது. பெற்றோர் இன்னும் சட்டையை முகர்ந்து சிகரெட் வாடையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பழ வாசனை வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மாம்பழம் விற்காத வீடாக இருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

மகன் இப்போது காலையில் மறுபடி காந்தி ஸ்டேடியத்துக்கு ஓடப் போகிறான். முன்பு பத்து ரவுண்டு அசராமல் ஓடுவான். நேற்று நான்காவது ரவுண்டில் மூச்சு வாங்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாகக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஐந்தாவது ரவுண்டுக்குக் கிளம்பினான்.

இப்படிக்கு,
ஒரு மாம்பழ வியாபாரி, சேலம்
(மகனின் படிப்பை முன்னிட்டுப் பெயர் வெளியிட வேண்டாம்)