புதிரோடு விதியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுவர் பகுதிகளில் ‘அடுத்த எண் எது?’ என்ற புதிர் அடிக்கடி வருகிறது. 1, 2, 4, 8, 16 என்று கொடுத்துவிட்டு விடை 32 என்கிறார்கள். ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால், 1 புள்ளியிலிருந்து 5 புள்ளிவரை கிடைக்கும் துண்டுகளும் இதே 1, 2, 4, 8, 16தான். ஆறாவது புள்ளிக்கு 31 வரும். 31 என்று எழுதிய குழந்தைக்குத் தப்பு போடுவது அநியாயம்.

விதியைச் சொல்லிவிட்டு வரிசையைக் குழந்தையே எழுதட்டும். கொலம்பியாவின் பெர்னார்டோ ரெக்கமான் 1991-இல் நீல் ஸ்லோனின் எண்வரிசைத் தொகுப்புக்கு அனுப்பிய வரிசை இதற்கு அருமையாகப் பொருந்தும். 0-வில் தொடங்க வேண்டும். முதல் அடியில் 1, இரண்டாம் அடியில் 2, மூன்றாம் அடியில் 3 என்று கழித்துப் பார்க்க வேண்டும். கிடைப்பது 0-வை விடப் பெரியதாகவும் இதுவரை வராததாகவும் இருந்தால் அதை எழுதலாம். இல்லாவிட்டால் அதே எண்ணைக் கூட்ட வேண்டும். 0, 1, 3, 6 வந்தபின் நான்காம் அடியில் 6-இல் 4 போக 2, புதிய எண். ஐந்தாம் அடியில் கழிக்க வழியில்லை, எனவே 7. பிறகு 13, 20, 12, 21, 11 என்று போகும்.

பிள்ளைகள் பெரும்பாலும் எத்தனையாவது அடி என்பதைத்தான் தவறவிடுவார்கள். அடி எண், கழித்தால் வருவது, எழுதிய எண் என மூன்று பத்தி போட்டுக்கொண்டால் போதும். இன்னொரு சறுக்கல் நுட்பமானது. ‘புதிய எண்’ என்ற நிபந்தனை கழித்தலுக்கு மட்டும்தான், கூட்டலுக்குக் கிடையாது. 20-ஆம் அடியில் 62-இல் 20 போக 42 வருகிறது. 24-ஆம் அடியில் 18-இலிருந்து 24-ஐக் கழிக்க முடியாது. கூட்டினால் மறுபடி அதே 42. எங்கோ பிசகிவிட்டோம் என்று நினைத்துப் பிள்ளைகள் அழிப்பது இங்கேதான். அது சரியான விடை என்று புதிரிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இந்த வரிசையில் 4 தலைகாட்டுவது 131-ஆம் அடியில். 1-க்குப் பின் 230 பூஜ்யம் போட்ட அளவுக்கு அடிகளைக் கணினியில் கடந்தும் 8,52,655 தென்படவில்லை. எல்லா எண்ணும் ஒருநாள் வந்துவிடுமா என்பது இன்றும் நிரூபிக்கப்படாத கேள்வி. ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே ஒரு குழந்தை அந்தக் கேள்வியின் வாசல்வரை போய்விட முடியும்!

இன்னும் சிறியவர்களுக்கு நாராயண பண்டிதர் 1356-இல் கணித கௌமுதியில் தந்த பசுக் கணக்கைப் போடலாம். ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும்; அந்தக் கன்றும் நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒன்று ஈனும். முந்தைய ஆண்டின் எண்ணிக்கையோடு மூன்றாண்டுக்கு முந்தைய எண்ணிக்கையைக் கூட்டுவதே விதி. தொடக்க எண்கள் 1, 2, 3 மூன்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும், விட்டால் கணக்கு நகராது. அடுத்து 4, 6, 9, 13 என்று வளர்ந்து, 20 ஆண்டு முடிவில் 2,745.

– கணித ஆசிரியை, கும்பகோணம்