சிரில்லிக் எழுத்தும் எங்கள் பிள்ளைகளின் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் வன்னிப் பெற்றோர் பலர் சிரில்லிக்கை 'ரஷ்ய எழுத்து' என்றே நினைக்கிறார்கள். அது உருவானது பல்கேரியாவில். 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, லத்தீன், கிரேக்கத்துக்கு அடுத்து அங்கே மூன்றாவது எழுத்தாகவும் ஆனது. பெலாரஸ், உக்ரேன், வட மசிடோனியா, கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய நாடுகளிலும் அரச அலுவல் சிரில்லிக்கில்தான் நடக்கிறது.

ஆனால் சட்டம் ஒன்று, தெரு ஒன்று. தமிழ் அரசகரும மொழியாக இருந்தும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வரக் கண்ட எங்களுக்கு இது புதிதல்ல. சேர்பியாவின் 2006 அரசியலமைப்பு சிரில்லிக்கையே சொல்கிறது. கடைப் பலகைகளிலோ லத்தீன் தாராளம். உஸ்பெகிஸ்தான் 1993இலேயே லத்தீனுக்குச் சட்டம் போட்டது. சிரில்லிக் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மொல்டோவா 1989இல் லத்தீனுக்கு மாறியும், பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியா அதே மொழியைச் சிரில்லிக்கில் எழுதுகிறது.

எழுத்துத் தொகையும் ஒன்றல்ல: ரஷ்யத்துக்கு 33, பல்கேரியத்துக்கு 30, கசாக்குக்கு 42. ரஷ்ய விசைப்பலகையில் கசாக் மொழியின் தனி எழுத்துகள் கிடையாது.

சிக்கல் பெயரில்தான் வரும். ரஷ்யத்தில் 'ஹ' ஒலிக்கு எழுத்தில்லை. ஹரிணி என்ற பெயரை ஒருவர் 'க' ஒலி எழுத்தாலும் இன்னொருவர் தொண்டையில் உரசும் எழுத்தாலும் எழுதுவார். மீண்டும் ஆங்கிலத்துக்கு வரும்போது முதலாவது 'ஜி'யிலும் மற்றது 'கே-எச்'சிலும் தொடங்கும். தர்ஷன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ரி'க்கு (T) பின் வரும் 'எச்'சைச் (H) சிலர் விட்டுவிடுவர், சிலர் வைத்துக்கொள்வர். விசாவில் ஒரு விதம், பட்டச் சான்றிதழில் இன்னொரு விதம் என்றால், ஊர் திரும்பிப் பதிவு செய்யும்போது பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாது.

ஆகவே கடவுச்சீட்டை ஒரே தடவை மொழிபெயர்த்து, நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதிகள் சிலவற்றை எடுத்துவைத்து, எல்லா இடத்துக்கும் அதையே கொடுங்கள். ரஷ்ய விசாவில் பெயர் இரு எழுத்திலும் இருக்கும்; கையில் வாங்கியவுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கிலப் 'பி' (P) போன்றது அங்கே 'ர்', 'எச்' போன்றது 'ன்', 'சி' போன்றது 'ஸ்'. இந்த மூன்றும் தெரியாமல் பார்த்தால் சரியான பெயரும் பிழையாகத் தெரியும். உண்மையான பிழை கண்ணில் படாமலே போகும்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர்கள்,
வவுனியா