இடப்பெயர்வைச் சிறுவருக்குச் சொல்லும் படக்கதை நூல்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடற்பரப்பில் தத்தளித்த, மியன்மாரின் ரோஹிங்கியா முஸ்லிம் அகதிகளின் படகு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதில் வந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் நகரிலுள்ள பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் யார், ஏன் வீட்டை விட்டுக் கடலில் வந்தார்கள், ஏன் திரும்பிப் போக முடியாது என்று நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கேட்டபோது, அது பெரிய ஆட்களின் விடயம் என்று சொல்லி விளையாட அனுப்பிவிட்ட வீடுகளே அதிகம். சில நாட்களில் அவர்கள் முல்லைத்தீவுக்கு மாற்றப்பட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது சொல்லப்படாமலே போயிற்று.

இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் இப்படி நேர்வது என்னை வருத்துகிறது. இங்கே உள்நாட்டுப் போரில் ஒருமுறையேனும் இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது. 1990இல் காடுகளிலும் நலன்புரி முகாம்களிலும் ஒதுங்கியவர்களும், மன்னார்க் கரையில் படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 2006இல் மூதூரிலிருந்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்குப் போனார்கள். அதே ஆண்டில் சம்பூர்ப் பகுதியை விட்டு வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடிய மக்களுள் பலர், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே சொந்தக் காணிகளில் மீண்டும் கால் வைத்தார்கள். சிங்களக் கிராமங்களிலிருந்தும் குடும்பங்கள் வெவ்வேறு காலங்களில் வெளியேறியிருக்கின்றன. இன்று முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை இவை எல்லாம் முடிந்த பின் பிறந்தது. தன் அம்மம்மாவும் ஒருகாலத்தில் பையொன்றோடு வீட்டை விட்டு ஓடியவர்தான் என்பது அதற்குத் தெரியாது.

பிஞ்சு வயதில் இதெல்லாம் எதற்கு, பிள்ளை பயந்துவிடுமே என்று பெற்றோர் கேட்பது நியாயமானதே. ஆயினும் காசாவில் இடிந்து விழும் கட்டடங்களையும் இரத்தம் வடியும் முகங்களையும் அதே பிள்ளை பெரியவர்களின் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே பார்க்கிறது. அந்தக் காட்சி பிள்ளைக்காக நிற்பதில்லை, விளக்கம் சொல்லப் பக்கத்தில் ஆளும் இருப்பதில்லை. படக்கதை நூல் அப்படியானதன்று. பக்கத்தைப் புரட்டும் உரிமை பிள்ளையின் கையில் இருக்கிறது; விரும்பாத பக்கத்தை அது மூடலாம், பிடித்த பக்கத்துக்குத் திரும்பிவரலாம், வாசித்துக்காட்டுபவரின் மடியில் இருந்தபடியே கேள்வி கேட்கலாம். ஆரம்பக் கல்வி ஆசிரியையாகப் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: இடப்பெயர்வுக் கதையில் இந்த வயதுப் பிள்ளைகள் தேடுவது யார் யாரைச் சுட்டார்கள் என்பதையன்று. நாயை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள், அது யாரிடம் சாப்பிட்டது, தங்கச்சிக்குச் செருப்பு இருந்ததா, இரவில் எங்கே படுத்தார்கள் என்பவையே அவர்களுடைய கேள்விகள். அவற்றுக்கு உண்மையான பதிலைச் சொன்னால் போரென்பது என்ன செய்யும் என்பதைப் பிள்ளை தன் அளவுக்கு விளங்கிக்கொள்கிறது. ஆகவே பிணங்களும் ஆயுதங்களும் அந்தப் பக்கங்களுக்கு வேண்டியதில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டதாக முடிக்கும் கதையும் வேண்டாம், பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

சொற்களே இல்லாத படநூல்களைப் பற்றியும் இங்கு குறிப்பிட வேண்டும். ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் அகதிகள் படகுகளில் வந்திறங்கும் இத்தாலியின் லம்பெடூசாத் தீவில், அத்தீவின் பிள்ளைகளுக்காகவும் வந்தேறும் பிள்ளைகளுக்காகவும் இத்தகைய நூல்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டும் திட்டத்தைச் சிறுவர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பு 2012இல் தொடங்கியது. அந்த அமைப்பு 1953இல் உருவாக வழிவகுத்த ஜெல்லா லெப்மன் அம்மையார், ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தன் இரு பிள்ளைகளுடன் வெளியேறி இலண்டனில் அகதியாக வாழ்ந்து, போர் முடிந்தபின் திரும்பிவந்து, 1946இல் மியூனிக் நகரில் பல நாட்டுச் சிறுவர் நூல்களின் கண்காட்சியை நடத்தியவர். இடிபாடுகளுக்கு நடுவே, உணவுக்கே தட்டுப்பாடான காலத்தில் அவர் பிள்ளைகளுக்கான நூல்களைக் கேட்டு நாடுகளுக்குக் கடிதம் எழுதினார் என்பதை நினைக்க எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

மூன்று சமூகங்கள் இரு மொழிகளோடு வாழும் நமது மாவட்டத்துக்குச் சொற்களில்லாத இவ்வகை நூல் மிகவும் பொருந்தும். ஒரே நூலைச் சேருவிலப் பிள்ளை சிங்களத்திலும் மூதூர்ப் பிள்ளையும் சம்பூர்ப் பிள்ளையும் தமிழிலும் சொல்லிப் பார்க்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பம்மாவும் படத்தைக் காட்டித் தான் நடந்த வழியைச் சொல்லலாம். பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்காமலே இருப்பது, எங்கிருந்து தொடங்குவதென்று முதியவர்களுக்குத் தெரியாததால்தான் என்று நான் நம்புகிறேன்.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆசிரியை முன்கூட்டியே தாயிடமோ பேரன் பேத்தியை வளர்க்கும் அம்மம்மாவிடமோ பேசிய பின்னரே இத்தகைய நூலை வகுப்பில் திறக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் எழுப்பி, உன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவே கூடாது; எழுந்து போக விரும்பும் பிள்ளையைப் போக விட வேண்டும்.

பிற நாட்டு நூல்களை வாங்குவதோடு நின்றுவிடாமல் நம் கதைகள் இங்கேயே வரையப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். மூதூர், சம்பூர், சேருவில முதியவர்களோடு அவர்களை இருத்திக் கதைகளைக் கேட்டு வரையச் செய்வதற்குக் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் முன்வர வேண்டும். வண்ண அச்சுக்குச் செலவு அதிகம் என்பதை அறிவேன். முதலில் மாவட்டத்தின் பொது நூலகங்களில் உள்ள சிறுவர் பகுதிகளுக்கு மட்டுமாவது சில பிரதிகள் கிடைத்தால், முன்பள்ளி ஆசிரியைகள் அவற்றை இரவல் பெற்றுப் பயன்படுத்துவார்கள். எதிர்வரும் ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குள் இதற்கான முதற் கூட்டத்தையேனும் கூட்டுமாறு உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரியை,
திருகோணமலை.