கன்வென்ஷன் பிரசங்கியார்களுக்குக் கடைசி வரிசையிலிருந்து ஒரு மடல்

கர்த்தருக்குள் பிரியமான பிரசங்கியார் ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

மே மாதம் பிறந்தால் திருநெல்வேலிப் பக்கம் கோயில் வளாகத்துக்கு வளாகம் கன்வென்ஷனுக்குப் பந்தல் போட்டுவிடுவார்கள். மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம். மூன்றாம் நாள் ராத்திரி எப்படி முடியும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்: கீபோர்டு மெல்ல ஆரம்பிக்கும், எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், இன்று இரவே உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்பட்டால் எங்கே போவாய், ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்.

என் சித்தப்பா வருஷாவருஷம் கையை உயர்த்துகிறார். கொத்தனார், குடிப்பார். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கடைப்பக்கம் போகமாட்டார், மூன்றாவது சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் போய்விடுவார். அப்புறம் திருவிருந்து, அதாவது அப்பமும் ரசமும் கொடுக்கிற ஆராதனை, அன்றைக்குக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஏன் சித்தப்பா என்று கேட்டேன். "நான் இன்னும் சரியாகலியேல, சரியான பொறவு வாரேன்" என்றார்.

ஐயாமாரே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இத்தனை வருஷக் கூட்டத்தில் அவர் பிடித்துக்கொண்டது இவ்வளவுதானா, முதலில் நீ சரியாகு, பிறகு கிருபை என்று?

லூக்கா 15-ஐ நீங்கள் எத்தனை தடவை பிரசங்கித்திருப்பீர்கள். அப்பாவிடம் சொத்தில் பங்கு வாங்கிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்ட அந்த இளைய மகன் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அப்பாவிடம் என்ன பேசுவது என்று ஒரு பேச்சைத் தயார்பண்ணுகிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது. வீட்டுக்கு வந்தபிறகு அந்த வரியைச் சொன்னதாக வேதத்தில் இல்லை. அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாயிற்று, வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் வந்தாயிற்று. குளித்துவிட்டு வா என்றுகூட அவர் சொல்லவில்லை, பன்றி நாற்றத்தோடுதான் முத்தம்.

மனந்திரும்புதலைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கிருபை இருக்கிறதே, எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்பவர்களுக்கு அப்போஸ்தலன் பவுல் "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார், அது போதும். என் வருத்தம் எது முதலில் என்பதைப் பற்றி. "தேவதயவு நீ குணப்படும்படி உன்னை ஏவுகிறது" என்றுதானே ரோமர் 2:4-ல் இருக்கிறது? நீங்கள் ஏவுவது நரகத்தைக் காட்டி. பயம் மனுஷனைப் பந்தல் வரைக்கும் கொண்டுவருகிறது. சித்தப்பாவுக்கு அது இரண்டு வாரம்தான் தாங்கியது.

அப்புறம், இரட்சிக்கப்பட்ட தேதி என்ன என்று கேட்கிறீர்களே, அது வேறு ஒரு தொல்லை. 1517-ல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். சித்தப்பாவைக் கேட்டால் ஏழெட்டுத் தேதி சொல்லுவார், பாவம்.

இனி முன்வரிசைக்கு வருகிறேன். குடிகாரன், பீடி பிடிக்கிறவன், சினிமா பார்க்கிற பையன், மேடையிலிருந்து பெயர் சொல்லி விழுகிற அடி எல்லாம் இவர்களுக்குத்தான். மகன் கல்யாணத்தில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நகையும் காரும் கேட்டு வாங்கியவர் முன்வரிசைக் குஷன் நாற்காலியில் இருக்கிறார், ஒவ்வொரு வசனத்துக்கும் ஆமென் சொல்கிறார், வரதட்சணை என்ற வார்த்தை மூன்று நாளும் உங்கள் வாயிலிருந்து வருவதில்லை. சாதியும் வருவதில்லை. இது நேற்று வந்த நோயும் இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார், சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிடுங்கள், கோயிலில் தனித்தனியே உட்காருவதும் திருவிருந்துக்குத் தனித்தனியே வருவதும் கூடாது என்று. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே எழுந்து போனார்கள். சாதியை விடுவதைவிடக் கோயிலை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது! இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று தகராறு வருகிற ஊர்கள் இருக்கத்தான் செய்கின்றன.

இயேசுவுக்கு முன்னே வந்து பிரசங்கித்த யோவான்ஸ்நானன் இப்படிப் பொதுப்படையாகப் பிரசங்கித்துவிட்டுப் போகவில்லை. ஜனங்கள் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது ஆளுக்கு ஏற்ற மாதிரி பதில் வந்தது. இரண்டு அங்கி இருக்கிறவனா, ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிக்கிற ஆயக்காரனா, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு. கையை உயர்த்து என்று அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே மாதிரி நீங்களும் கேட்கலாம். வட்டிக்கு விடுகிறவரா, கான்ட்ராக்டரா, பள்ளிக்கூட வேலைக்குப் பணம் வாங்குகிற பெரியவரா, நீ திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த ஆயக்காரர் தலைவன் சகேயு அதைத்தான் செய்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். ஆனால் எப்போது சொன்னான் என்று பாருங்கள். இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று சொன்ன பிறகு. அவன் காட்டத்தி மரத்தின்மேல் இருந்தபோது கணக்கு எதுவும் கேட்கப்படவில்லை. பாவியான மனுஷனிடத்தில் தங்கப் போனாரே என்று முறுமுறுத்தது கீழே நின்ற கூட்டம்தான்.

எங்கள் ஊரில் பிரசங்கியாருக்குத் தங்க இடம் எப்போதும் அந்த முன்வரிசைக்காரர் வீட்டில்தான், ஏசி அறை, ஆட்டுக்கறி. இந்த வருஷம் மே மாதக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், உங்களில் ஒருவர்தான் வருகிறீர்கள். சித்தப்பா கடைசி வரிசைக்கும் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்பார், மேலே சிமெண்ட் ஒட்டிய அதே நீலச் சட்டைதான் போட்டிருப்பார். மூன்றாம் நாள் அவரைக் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். முதல் நாளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தகர வீடுதான், ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும். சித்தி சாளைமீன் குழம்பு நன்றாக வைப்பாள், முன்கூட்டியே சொன்னால் நான் மீன் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன் ஒருவன்