கிரேம் ஓப்ரீக்கு ஒரு கடிதம்: ஒரு மணி நேரமும் ஒரு பேரிங்கும்

அன்புள்ள கிரேம் ஓப்ரீ அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து டிரம்மைக் கழற்றி, பேரிங்கை மாற்றிக் கொடுத்தார். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்குகிற எஃகு வளையம், நல்ல கனம். தண்ணீர் புகுந்து ஒரு பக்கம் துரு ஏறியிருக்கிறது. உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினால் குண்டுகள் கரகரக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்காட்லாந்து சைக்கிள் வீரரான நீங்கள், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டுகிற உலகச் சாதனைக்காக உங்கள் கையாலேயே ஒரு சைக்கிள் செய்து, அதன் பெடல் அச்சில் பழைய வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டீர்கள். அந்தக் கதையை வெளியே சொன்னதற்காக நீங்கள் பின்னால் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. நீங்கள் ஓட்டிய ஓட்டமும் யோசித்த யோசனையும் பின்னுக்குப் போய்விட்டன. நானும் அங்கிருந்தே தொடங்குவதற்கு மன்னியுங்கள். எனக்கு அது விநோதச் செய்தி இல்லை. நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிற ஒரு மெஷினுக்குள் இருக்கும் பேரிங் மட்டமானதாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டீர்கள். பெடல் அச்சு சுற்றுவதோ நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குப் பக்கத்தில்தான். சரியான கணக்கு அது. பட்டறையில் நிற்கிறவன் போடுகிற கணக்கு.

அந்த சைக்கிளுக்கு நீங்கள் 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்று பெயர் வைத்தீர்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாமே உங்கள் உடம்பிலிருந்து தொடங்குவதுதான். கால்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகச் சுற்ற வேண்டும் என்று நினைத்தீர்கள், அதனால் பெடல் அச்சு குறுகியது. அச்சு குறுகினால் முழங்கால் பாரில் இடிக்கும், அதனால் பாரையே எடுத்துவிட்டீர்கள். காற்று படுகிற பரப்பைக் குறைக்க வேண்டும், அதனால் பனிச்சறுக்கில் இறங்குகிறவர்களைப் போலக் கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டீர்கள். அதற்கு ஒரு நேரான ஹேண்டில்பார் போதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதை வெல்லத் தேவையான சக்தியோ வேகத்தின் கனத்தில், அதாவது மூன்றாம் அடுக்கில், ஏறுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் செலவழிப்பதில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகிறது. அதைக் காசு செலவில்லாமல் குறைக்க வழி கண்டுபிடித்தீர்கள். இரண்டு கைகளை மடக்குவதற்கு என்ன விலை?

எங்கள் ஊரில் குரங்குப் பெடல் என்று ஒன்று உண்டு. அப்பாவின் பெரிய சைக்கிளில் சீட்டில் உட்கார்ந்தால் சிறுவனுக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை உள்ளே நுழைத்து, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு, அரைப் பெடல் அரைப் பெடலாக மிதித்துப் போவான். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சைக்கிள் நமக்காகச் செய்யப்படவில்லை என்று தெரிந்தவுடன் உடம்பு தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. நானும் அப்படித்தான் ஓட்டக் கற்றேன். உங்கள் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, கோணல் உடம்பில் அவ்வளவு வேகம் ஒளிந்திருப்பது எனக்கு அதிசயமாகவே படவில்லை.

1993 ஜூலை 16. நார்வேயில் ஹாமர். வைகிங் கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற கூரை கொண்ட அரங்கம். இத்தாலிய வீரர் மோசர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 1984இல் மெக்சிகோ நகரத்தில் வைத்த 51.151 கிலோமீட்டரை முறியடிக்கப் போனீர்கள். சைக்கிள் வடிவமைப்பாளர் மைக் பர்ரோஸ் உங்கள் சைக்கிளைப் பார்த்து அழகாகச் செய்து தந்த நகலில் ஓட்டினீர்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் குறைந்துபோனது. ஒரு மணி நேரம் முழுச் சக்தியில் மிதித்த கால்கள் மறுநாள் காலை மரக்கட்டையாகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க, படுக்கப் போகும் முன் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தீர்கள். சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் தசைகளை நீட்டி மடக்கிவிட்டுப் படுத்தீர்கள். காலையில் நகலை ஓரம் வைத்துவிட்டு உங்கள் கையால் செய்த சைக்கிளையே எடுத்தீர்கள். 51.596 கிலோமீட்டர். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த ராத்திரிதான் கண்முன் நிற்கிறது. அரைத்தூக்கத்தில் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே, விடிந்ததும் இன்னொரு முறை முயல வேண்டும் என்று ஒரு மனிதர் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

ஆறே நாளில் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மன் பிரான்ஸின் போர்டோவில் 52.270 ஓட்டினார். 1994 ஏப்ரலில் அதே ஊருக்குப் போய் 52.713 ஓட்டி நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு பேர், இரண்டு வகை சைக்கிள், ஒரே கேள்வி. விளையாட்டில் இதைவிட நல்ல காலம் வேறு என்ன இருக்க முடியும்?

அப்புறம்தான் இத்தாலியின் பலெர்மோ. 1994 உலகச் சாம்பியன் போட்டியில், ஓடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, உங்கள் அமர்வு நிலை தடை செய்யப்பட்டிருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள். நீங்கள் அதே நிலையில் ஓட்டினீர்கள். தகுதி நீக்கம் செய்தார்கள்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1933இல் பாரிஸில் ஃப்ரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே வடிவமைத்த சாய்ந்து படுத்து ஓட்டுகிற சைக்கிளில், ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். அதற்கு முந்தைய சாதனை ஆஸ்கர் எக் 1914இல் வைத்த 44.247. உலகச் சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ மறு வருடமே அந்த வகை சைக்கிளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அதிலும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் சைக்கிள் என்றால் எது என்று ஒரு வரையறை எழுதினார்கள், அந்த வரையறை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. வரையறை இல்லாவிட்டால் சைக்கிளைச் சுற்றி மூடி போட்டவர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

பாதுகாப்பு என்கிற வாதத்தையும் கேட்கிறேன். கையை நெஞ்சுக்கு அடியில் மடக்கினால் சைக்கிளைத் திருப்புவது கஷ்டம். ஐம்பது பேர் உரசிக்கொண்டு ஓடுகிற பந்தயத்தில் அது ஆபத்துதான், அங்கே தடை செய்யட்டும். ஆனால் பலெர்மோவில் நீங்கள் ஓட்டிய, ஒருவரை ஒருவர் துரத்துகிற 'பர்சூட்' பந்தயத்தில் இருவர்தான், டிராக்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடங்குகிறார்கள். ஒரு மணி நேர ஓட்டத்திலோ நீங்கள் தனியாள். யார் மீது இடிக்கப் போகிறீர்கள்?

கைகளை முன்னால் நீட்டி ஓட்டுகிற 'சூப்பர்மேன்' நிலையோடு திரும்பி வந்து, 1995இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மறுபடி உலகச் சாம்பியன் ஆனீர்கள். அடுத்த வருடம் போர்ட்மன் அதே நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அதையும் மூடினார்கள். 1996 அக்டோபரில் யுசிஐயின் லுகானோ சாசனம் வந்தது. இயந்திரத்தைவிட மனிதனே முக்கியம் என்பது அதன் சாரம். கிரேம், இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நீங்கள் செய்தது அதுதானே! இயந்திரத்தை மனித உடம்புக்கு ஏற்றபடி வளைத்தீர்கள். அவர்கள் உடம்பை ஒரு பழைய இயந்திரத்தின் அளவுக்குள் அடைத்தார்கள். இன்றும் அது நிற்கவில்லை. 2026 முதல் சாலைப் பந்தயங்களில் ஹேண்டில்பாரின் அகலம் 400 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாதாம். தோள் குறுகிய வீராங்கனைகள் என்ன செய்வார்கள்?

2000இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் ஓட்டியது போன்ற சைக்கிளில் ஓட்டினால்தான் ஒரு மணி நேரச் சாதனை என்று பின்னோக்கி விதி எழுதினார்கள். உங்கள் இரண்டு சாதனைகளும் 'சிறந்த மனித முயற்சி' என்று வேறு பட்டியலுக்குப் போயின. போர்ட்மன் பழைய பாணி சைக்கிளில் ஏறி 49.441 ஓட்டினார், மெர்க்ஸைவிட 10 மீட்டர் அதிகம்.

2014இல் மனம் மாறி, நவீன டிராக் சைக்கிள்களை மறுபடி அனுமதித்தார்கள். முதலில் ஓட்டியவர் ஜென்ஸ் வோய்ட். 51.110 கிலோமீட்டர், புதிய உலகச் சாதனை என்று அறிவித்தார்கள். அவர் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீங்கள் ஹாமரில் ஓட்டியது 51.596. இருபத்தொரு வருடம் கழித்து, நல்ல டயரும் நல்ல சக்கரமும் வைத்துக்கொண்டு, அதைவிட 486 மீட்டர் குறைவாக ஓடியது சாதனை ஆகிறது. அந்த 486 மீட்டரை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?

எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்தப் பட்டியல்கள் ஒன்றாக வேண்டும். மெர்க்ஸ், மோசர், நீங்கள், போர்ட்மன், கடைசியில் 2022இல் 56.792 ஓட்டிய இத்தாலிய வீரர் கான்னா வரை எல்லோரும் ஒரே பக்கத்தில் வரட்டும். பக்கத்தில் எந்த சைக்கிள், எந்த நிலை என்று ஒரு சின்னக் குறிப்பு போட்டால் போதும். படிக்கிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். இனி ஏதாவது தடை செய்தாலும், அடுத்த வருடத்துக்கு என்று சொல்லித் தடை செய்யட்டும். ஒருவர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து சொல்ல வேண்டாம்.

2013இல் அமெரிக்காவில் நெவாடாவின் பேட்டில் மவுண்டனில் நீங்கள் குப்புறப்படுத்து ஓட்டிய 'பீஸ்டி' என்கிற வண்டியின் படத்தை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். மனித சக்தியால் மட்டும் ஓட வேண்டும் என்பதுதான் அங்கே நடந்த வேகப் போட்டியின் அடிப்படை. அந்தப் படுத்த நிலையில் மணிக்கு 91 கிலோமீட்டர் போனீர்கள். தோள் தாங்கிக்கு ஒரு பழைய சமையல் பாத்திரத்தை வெட்டியிருந்தீர்கள். எந்த அளவில் வெட்டினீர்கள், ஓரம் தோளில் குத்தாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று ஒரு நாள் எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
குரங்குப் பெடலில் ஓட்டக் கற்ற ஒரு வாசகன்